தொண்டிக் கடலுக்கு ஒரு பழைய பாய்ப்படகு: வாங்கும் முன் கேட்டதும் பார்த்ததும்

படகு கொச்சியில் கிடந்தது. வாங்க நினைத்தவர் காரைக்குடியில். 26 அடி ஃபைபர் படகு. ஒற்றைப் பாய்மரம், இரண்டு பாய், படகு கவிழாமல் பிடிக்க அடியில் மேலே தூக்க முடியாத கனத்த கீல், உள்ளே சின்ன டீசல் எஞ்சின். ஐரோப்பாவில் கட்டியது. கடல் சுற்றக் கிளம்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொச்சியோடு பயணத்தை முடித்துக்கொண்டு இதை விற்றுவிட்டுப் போனாராம். வாங்கியவர் இப்போது மறுபடி விற்கிறாராம். இது தரகர் சொன்ன வரலாறு. கேட்ட விலை 8.5 லட்சம்.

வாங்க நினைத்தவர் என் அத்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வார இறுதிகளில் பாய்ப்படகு ஓட்டிப் பழகியவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியும் அந்த ஆசை விடவில்லை. செட்டிநாட்டில் ஏது கடல் என்று கேட்கலாம். தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டி; காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். தரகர் அனுப்பிய படங்களில் படகு பளபளவென்று மின்னியது. அத்தான் முன்பணம் அனுப்பத் தயாராகிவிட்டார். ஆச்சிதான் தடுத்தார்.

"ஒரு பழைய அலமாரி வாங்க முனீஸ்வரன் கோயில் தெருவுல நாலு கடை ஏறி இறங்குறீக. கதவைத் தெறந்து, பின்பலகையத் தட்டிப் பாக்குறீக. இதுக்கு மட்டும் போட்டோ போதுமாக்கும்?"

ஆச்சி சொன்னதில் விஷயம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பழம்பொருள் தெருவில் விவரம் தெரிந்தவர்கள் பாலிஷ் போட்ட முகத்தைப் பார்ப்பதில்லை, பாலிஷ் எட்டாத இடத்தைத்தான் பார்ப்பார்கள். பழைய படகுக்கும் அதே பார்வைதான் வேண்டும். ஆனால் படகில் எட்டாத இடம் எது, அங்கே என்ன தெரிந்தால் விலகுவது, என்ன தெரிந்தால் விலை பேசுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். தண்ணீரில் ஆடிக்கொண்டு நிற்கும் படகில் ஏறிவிட்டால் யாருக்கும் நிதானம் தங்குவதில்லை.

நம் கடலுக்கு ஆகுமா?

படகு நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. எந்தக் கடலுக்கு என்பதுதான் முதல் கேள்வி.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பல இடங்களில் 10 மீட்டர்கூட இருக்காது. கரையோரத்தில் இன்னும் குறைவு. இந்தப் படகின் கீல் தண்ணீருக்குள் 1.4 மீட்டர் இறங்கி நிற்கும் என்று விவரத்தாளில் இருந்தது. அப்படியானால் கரையை ஒட்டி வராது. தள்ளி நங்கூரம் போட்டு, தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கிளம்பினால் அதை எங்கே ஒதுக்குவது? தொண்டியில் இப்படிப்பட்ட படகுகளைக் கட்டிவைக்கும் மரினா எதுவும் கிடையாது. கிழக்கே கொஞ்சம் ஆசைப்பட்டுப் போனால் இலங்கையோடு செய்த 1974 ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடு வேறு.

கொச்சியிலிருந்து கொண்டுவருவது அடுத்த பாடு. கடல் வழி என்றால் குமரி முனையைச் சுற்றி, மன்னார் வளைகுடா ஏறி, பாம்பனைக் கடக்க வேண்டும். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி 17 மீட்டர் வரை மேலே எழும். அந்தப் பாலத்தைப் பொறுத்தவரை பாய்மரத்தின் உயரம் சிக்கலில்லை. அனுமதி, காத்திருப்பு, கால்வாயின் ஆழம் இவைதான் யோசிக்க வைத்தன. பழக்கமில்லாத பழைய படகில் முதல் பயணமே அதுவாக இருக்க வேண்டாம் என்று அத்தானே சொல்லிவிட்டார். லாரியில் ஏற்றலாம் என்றால், சாலையில் போகும் வண்டிக்கு விதிப்படி அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். படகின் அகலம் 2.7 மீட்டர். பத்து சென்டிமீட்டருக்காகத் தனி அனுமதி, தனி லாரி, தனி வாடகை.

"அப்ப போய்ப் பாக்குறதே வீண் வேலையா?" என்றார் அத்தான். நான் அப்படி நினைக்கவில்லை. விலை நன்றாக இறங்கினால் கொச்சியிலேயே வைத்து ஓட்டலாம் என்று ஒரு வழி இருந்தது. ஆனால் 8.5 லட்சம் என்பது தொண்டிக்கு வந்து நிற்கும் படகின் விலை இல்லை என்பது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் ஒரு வேலை செய்தோம். முகப்பில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், 7.9 மீட்டருக்கு 2.7 மீட்டர் அளவில் சாக்பீஸால் படகை வரைந்தோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, எஞ்சின் பெட்டி எல்லாவற்றுக்கும் கோடு. முனை ஒடுங்குவதால் உள்ளே நடமாடக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்பது அப்போதுதான் உறைத்தது. ஆச்சி கோட்டுக்குள் நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, "நான் வரலைப்பா, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார். நாலு பேருக்கான படகு என்ற கணக்கு அங்கேயே இரண்டு பேருக்கானதாகச் சுருங்கியது. அளவுநாடாவும் சாக்பீஸும் இருந்தால் யாரும் செய்யலாம்.

மூன்று பத்தித் தாள்

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்தோம். முதல் பத்தி "வேண்டாம்": இதில் ஒன்று இருந்தாலும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது "கழி": பழுதுக்கு ஆகும் செலவை விலையிலிருந்து கழிக்க வேண்டும். மூன்றாவது "பேசாதே": மெத்தை, வண்ணப்பூச்சு, ஸ்டீரியோ, விளக்கு. விற்பவர்கள் காசு செலவழித்துப் பளபளப்பாக்குவது பெரும்பாலும் மூன்றாவது பத்தியைத்தான்.

முதல் பத்தியின் தலையில் காகிதம். வெளிநாட்டுப் படகு இந்தியாவுக்குத் தற்காலிகமாக வந்து தங்குவது வேறு, சட்டப்படி இறக்குமதியாவது வேறு. இங்கே விற்க வேண்டுமென்றால் சுங்கவரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிப் பத்திரம், இருக்க வேண்டும். சுங்கப் பட்டியலில் உல்லாசப் படகுகளுக்கான தலைப்பு எண் 8903. பழைய நாட்டுப் பதிவிலிருந்து பெயரை நீக்கிய சான்றும் வேண்டும். இவை இல்லாத படகை வாங்கினால், முந்தையவர் கட்டாமல் விட்ட வரி நம் வீட்டு வாசலுக்கு வரும். அடுத்து, படகின் அடையாள எண். ஐரோப்பாவில் 1998-க்குப் பிறகு விற்பனைக்கு வந்த படகுகளில் பின்பலகையின் வலப்பக்கம் மேலே அது பொறித்திருக்கும்; கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. தரகர் 2004 மாடல் என்றார். எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொன்னதற்கு "பெயின்ட் அடிச்சதுல மறைஞ்சிருச்சு சார்" என்று பதில் வந்தது. தாளில் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டோம்.

எப்போது போவது என்பதும் திட்டத்தில் சேரும். வெயில் காலத்தில் எந்தப் படகும் ஒழுகாது. தென்மேற்குப் பருவமழை நடக்கும்போது போனால் மேல்தளம் எங்கே ஒழுகுகிறது என்பதை மழையே காட்டிவிடும். ஆவணி மாதத்தை அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தோம். அதில் ஒரு இடறலும் உண்டு. படகின் அடியில் தேங்கிய தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்து, உப்புக் கரித்தால் கடல்நீர் உள்ளே வருகிறது, இல்லையென்றால் மழைநீர் என்று கண்டுபிடிப்பது பழைய உத்தி. மழைக்காலத்தில் கொச்சிக் காயலே ஏறக்குறைய நன்னீராகிவிடும். அங்கே அந்த உத்தி செல்லாது. அதனால் தேங்கிய தண்ணீரைத் துடைத்துக் காயவைத்து, மறுநாள் எந்த இடத்தில் மறுபடி ஊறுகிறது என்று பார்ப்பதாகத் திட்டம்.

விற்பவரிடம் முன்கூட்டியே சொன்னது இரண்டு. படகைக் கிரேனில் தூக்கி வைக்க வேண்டும், அந்தச் செலவு எங்களுடையது. நாங்கள் வரும்வரை எஞ்சினைப் போடக்கூடாது. ஏற்றவற்றம் பல மீட்டர் இருக்கும் நாடுகளில், கடல் வற்றும்போது படகைச் சுவரோரம் நிறுத்தி அடியைப் பார்த்துக்கொள்வார்கள். கொச்சியிலும் சரி, பாக் விரிகுடாவிலும் சரி, ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் கிரேன்தான் கதி.

கூட வந்தவர்கள் இருவர். ஒருவர் எங்கள் வீட்டுக் கதவு, நிலையெல்லாம் பழுது பார்க்கும் ஆசாரி. இன்னொருவர் சிக்ரியில் அரிமானப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம்தான் சிக்ரி. உலோகத்தை உப்புத் தண்ணீர் எப்படித் தின்கிறது என்பதைக் காலமெல்லாம் பார்த்தவர் தெருக்கோடியில் இருக்கும்போது அவரைக் கூப்பிடாமல் போவது முட்டாள்தனம். பையில் டார்ச், பிடி வைத்த சின்னக் கண்ணாடி, காந்தம், ஈரமானி, மல்டிமீட்டர், சாக்பீஸ், பேனாக்கத்தி, பழைய வேட்டித் துணி. வேளாங்கண்ணியிலிருந்து எர்ணாகுளம் போகும் ரயில் காரைக்குடி வழியாகத்தான் போகிறது, அதில் ஏறினோம்.

படகில்

போனதும் எஞ்சின் மூடியைத் திறந்து அத்தான் கையை வைத்தார். சூடு.

"சும்மா பேட்டரி சார்ஜ் ஆகட்டும்னு போட்டேன் சார்" என்றார் விற்பவர்.

சண்டை போடவில்லை. எஞ்சினை நாளைக் காலையில் பார்த்துக்கொள்கிறோம், சாவி எங்களிடம் இருக்கட்டும் என்றோம். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும். சூடான எஞ்சின் யாருக்கும் கிளம்பும்.

கிரேனில் தொங்கிய படகைப் பார்த்ததும் எல்லோர் முகமும் வாடிவிட்டது. அடிப்பாகமெங்கும் கொப்புளம், மிளகளவு முதல் ஒரு ரூபாய் அளவு வரை. ஃபைபருக்குள் தண்ணீர் புகுந்து, ரெசினில் கரையக்கூடியதைக் கரைத்து, சவ்வூடு பரவலால் மேலும் தண்ணீரை உறிஞ்சி வீங்குவது இது. உப்பு குறைந்த தண்ணீரில் இது இன்னும் வேகமாக நடக்கும். காயலில் கிடந்த படகுக்கு எதிர்பார்க்க வேண்டியதுதான். கண்ணில் தெறிக்காமலிருக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறினோம். பிசுபிசுப்பான நீர், வினிகர் வாடை. கீழே இழை கெட்டியாக இருந்தது. பார்க்கப் பயங்கரமாகத் தெரிந்தாலும் இது இரண்டாவது பத்திதான்: சுரண்டி, பல மாதம் காயவிட்டு, எபாக்சி பூச வேண்டும். கீல் சேரும் இடத்தில் முன்பக்கம் மயிரிழை விரிசல் ஒன்று. கீலின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தோம், அசைவில்லை. உள்ளே கீலைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் துருக் கசிவும் இல்லை. விரிசல் வெறும் பூச்சில்தான்.

மேல்தளத்தில் கதை மாறியது. ஆசாரி கொட்டாப்புளியைக் கொண்டுவந்திருந்தார். கனம் அதிகம் என்று அதை வைத்துவிட்டு உளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். ஃபைபர் தளம் என்றாலும் இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டியது அது. "டக், டக்" என்று வந்த சத்தம் பாய்மரத்தின் இடப்பக்கம் போனதும் "தொப்" என்று இறங்கியது. ஆசாரி நிறுத்தி, நாலு விரல் பின்னால் வந்து மறுபடி தட்டினார். டக். முன்னால், தொப். சாக்பீஸால் எல்லையை வரையச் சொன்னார். கோடு கூடிய இடம் ஒன்றரை முழம் நீளம். அதன் நடுவில் இருந்தது, பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பி தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் எஃகுப் பட்டை.

"மரம் மக்கிப் போச்சு தம்பி. மேல தகடு மட்டும்தான் நிக்குது."

ஈரமானியையும் வைத்துப் பார்த்தோம். மழைக்கால ஈரத்தில் எல்லா இடத்திலும் அது கொஞ்சம் கூடத்தான் காட்டும். அதனால் எண்ணை அப்படியே நம்பாமல், அதே படகில் நல்ல இடத்தோடு ஒப்பிட வேண்டும். வலப்பக்கம் காட்டியதைவிட இடப்பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உள்ளே குனிந்து டார்ச் அடித்தால் அந்தப் பட்டை பலகை மறைப்புக்குப் பின்னால் இறங்கிப் போகிறது. பலகையின் ஓரத்தில் தேநீர் நிறத்தில் ஒரு ஒழுக்குத் தடம். துருப்பிடிக்காத எஃகுதானே என்றேன். சிக்ரிக்காரர் நிதானமாகச் சொன்னார்: அந்த எஃகைக் காப்பது அதன்மேல் படரும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு; அது உடைந்தால் மறுபடி படர ஆக்சிஜன் வேண்டும். மக்கிய மரத்துக்கும் சீலன்ட்டுக்கும் நடுவே உப்பு ஈரம் இருக்கிறது, காற்று இல்லை. அங்கே எஃகு குழி விழுந்து அரிக்கும், வெளியே தெரியும் பகுதி பளபளவென்றே இருக்கும். வெளியில் லேசாகப் படிந்த செம்பழுப்பைத் துடைத்தால் போய்விடும்; துளைக்குள்ளிருந்து ஒழுகி வரும் துருதான் ஆபத்து. பட்டையை வெளியே எடுத்தால்தான் முடிவாகச் சொல்லலாம், விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் அது போனால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை: நல்ல காற்றில் பாய்மரம் சாயும்.

மற்றவை சுருக்கமாக. செல்ஃபோனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, பாய் ஏற்றும் கயிற்றில் உச்சிவரை அனுப்பினோம். மேலே விரிசல் எதுவும் தெரியவில்லை. தாங்கு கம்பிகள் 19 இழை முறுக்கியவை. அவற்றின்மேல் வேட்டித் துணியை ஓட்டியதில் இரண்டு இடத்தில் துணி மாட்டியது, அதாவது அறுந்த இழை. இந்தக் கம்பிகளுக்குப் பத்து, பதினைந்து ஆண்டுதான் கணக்கு. எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லை. முன்பாய் சுருட்டியபடியே வெயிலில் வருஷக்கணக்காக நின்றிருக்கிறது. தையலை நகத்தால் கீறியதும் நூல் பொடிந்தது. பெரிய பாய் உறைக்குள் இருந்ததால் தப்பித்தது. கடல்நீர் வால்வுகளில் ஒன்றைக் கத்தியால் சுரண்டினால் பித்தளை மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு. துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டது, மிஞ்சியது கடற்பஞ்சாகிப்போன செம்பு, தட்டினால் உடையும். படகைத் தண்ணீரில் இறக்கும் முன் மாற்றியே ஆக வேண்டும்.

மறுநாள் காலை எஞ்சின் திணறிக் கிளம்பியது. குளிர்ந்த டீசல் எஞ்சின் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை விடுவது வழக்கம்தான். இது சூடேறிய பிறகும் குறையவில்லை. எண்ணெயில் பால் நிறம் இல்லை, குளிர்நீர் நன்றாகவே கொட்டியது. இன்ஜெக்டரோ அழுத்தமோ, திறந்து பார்க்கும் வேலை. அதுவும் கழி.

பின்பலகையில் "பெயின்ட் மறைத்த" எண்ணை சாய்ந்த டார்ச் வெளிச்சம் காட்டிக்கொடுத்தது. கடைசி இரண்டு இலக்கம் 99.

கணக்கும் பேச்சும்

ரயிலிலேயே தாளை நிரப்பினோம். தாங்கு கம்பிகள், மேல்தளம், எஃகுப் பட்டைகள், முன்பாய், வால்வுகள், எஞ்சின் வேலை, அடிப்பாக எபாக்சி. ஊரிலிருந்தே கேட்டு வைத்திருந்த விலைகளைப் போட்டுக் கூட்டினால் 5 லட்சத்தைத் தாண்டியது, லாரிச் செலவு சேராமலேயே. எல்லோரையும் பயமுறுத்திய கொப்புளங்களின் பங்கு அதில் சிறியது. ஒன்றரை முழ சாக்பீஸ் கோட்டுக்குள் இருந்ததுதான் பெரிய செலவு.

இதோடு நின்றிருந்தால் குறைந்த விலைக்குப் பேசியிருக்கலாம். தரகரிடம் 3 லட்சம் என்று சொன்னோம், பில் ஆஃப் என்ட்ரியின் அசலைக் காட்டினால் மட்டும். "அந்த வெலைக்கு எஞ்சின்கூட வராது சார்" என்று சிரித்தார். பிறகு அனுப்பிய காகிதம், படகு முதலில் வந்து சேர்ந்தபோது தற்காலிகமாகத் தங்கக் கொடுத்த அனுமதியின் நகல். வரி கட்டியதற்கு ஒரு வரிகூட இல்லை. மாடல் ஆண்டு பற்றிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. முதல் பத்தியில் இரண்டு விழுந்துவிட்டன. அத்தான் தாளை மடித்து வைத்தார்; வருத்தம் இருந்தது, வாக்குவாதம் இல்லை. என்ன இருந்தால் வேண்டாம் என்று அவர் கையாலேயே எழுதியது அது.

என்னைக் கேட்டால், விலை 3 லட்சத்துக்கே இறங்கியிருந்தாலும் தொண்டிக்கு அது தவறான படகு. கீலை அறுத்து எறிய முடியாது, கடலை ஆழப்படுத்தவும் முடியாது.

இப்போது அத்தான் பார்த்துக்கொண்டிருப்பது புதுச்சேரிப் பக்கம் கிடக்கும் 19 அடிப் படகு. இந்தியாவில் கட்டியது, சுங்கத் தகராறு இல்லை. அகலம் 2.3 மீட்டர். கீலுக்குப் பதில் மேலே இழுத்துக்கொள்ளும் மையப்பலகை. அதைத் தூக்கிவிட்டால் முழங்கால் தண்ணீர் போதும். தாளில் சில வரிகள் மாறியிருக்கின்றன: மையப்பலகை திரும்பும் அச்சாணியின் தேய்மானம், அதை இழுக்கும் கம்பி, அது உட்காரும் பெட்டியின் அடியில் கசிவு, இழுவண்டியின் பேரிங்கும் பதிவுச் சான்றும். விற்பவருக்கு வேண்டியவர் யாரும் வேண்டாம் என்று படகைச் சோதித்துச் சொல்லும் மரைன் சர்வேயர் ஒருவரை நாங்களே பிடித்துத் தேதி கேட்டிருக்கிறோம். இழுவண்டியில் உட்கார்ந்திருக்கும்போது பலகையை முழுதும் இறக்க முடியாது என்பதால், படகை வண்டியிலிருந்து தூக்கி வைக்கச் சொல்லி விற்பவரிடம் பேசியாகிவிட்டது. அன்றைக்கும் ஆசாரி வருகிறார்.